மாமாவும் சத்தம் போடாத வண்டியும்

ஊருக்குள்ள ஒருத்தன் 'கம்ப்யூட்டர் எஞ்சினியர்' ஆயிட்டான்னா, கரண்ட்ல ஓடுற எல்லாத்துக்கும் அவன்தான் பொறுப்பு. டி.வி ரிமோட் வேலை செய்யலையா, ரேஷன் கார்டுல பேர் சேர்க்கணுமா, பக்கத்து வீட்டுப் பாட்டி போன்ல வாட்ஸப் காணாமப் போச்சா... கூப்பிடு அவனை. பெங்களூர்ல உக்காந்து ஜாவால பொட்டி தட்டுறவனுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை. நாமளும் தெரியாதுன்னு சொல்றதில்லை :-)

அந்த வரிசையில போன வருஷம் வந்து சேர்ந்தது ஹைபிரிட் கார்.

எங்க மாமா உசிலம்பட்டிக்காரர். அம்மாவோட அண்ணன். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் கைபடாத மதுரை - தேனி ரோட்டு வளைவு ஒண்ணும் கிடையாது. படிப்பு எட்டாவது. ஆனா பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு நிக்கும்போது முதுகுக்குப் பின்னாடி ஒரு வண்டி போனா, திரும்பிப் பார்க்காமலே 'இவனுக்கு கிளட்ச் பிளேட் போச்சு'ன்னு சொல்ற ஆளு.

அத்தைக்கு ரெண்டு வருஷமா கிட்னி பிரச்சினை. வாரத்துக்கு ரெண்டு நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் பண்ணணும். போக நாற்பது கிலோமீட்டர், அங்க நாலு மணி நேரம், திரும்பி வர நாற்பது. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களைப் பார்த்திருந்தீங்கன்னா தெரியும், துணியைப் பிழிஞ்சு போட்ட மாதிரி இருப்பாங்க. அந்த நிலைமையில ஆரப்பாளையத்துல பஸ் ஏத்தி, குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி. மாமா வாழ்நாள் முழுக்க ஊரையே ஏத்தி இறக்கினவர், தன் பொண்டாட்டியைக் கூட்டிப் போக ஒரு வண்டி இல்லையேன்னு ரொம்பவே நொந்து போனார்.

ரிட்டையர்மென்ட் காசு பாதி, கோயம்புத்தூர்ல இருக்கிற மகள் போட்டது பாதின்னு ஒரு வழியா கார் வந்தது. மகள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கரண்ட் காருக்கு வழியில சார்ஜ் போட நேரம் கிடையாது, வாரத்துக்கு நூத்தி அறுபது கிலோமீட்டர் ஓடணும், பெட்ரோல் செலவும் கட்டுப்படியாகணும். ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் சரின்னு முடிவு பண்ணிட்டா. கணக்கு சரியான கணக்குதான். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை, அவங்க எனக்கு விளம்பரக் காசு எதுவும் குடுக்கலை.

ஷோரூம்ல என்ன பண்ணாங்க? வண்டி மேல பட்டுத்துணி போட்டு மூடி, மாமாவையும் அத்தையையும் வச்சு உருவ வச்சு, கேக் வெட்டி, போட்டோ எடுத்தாங்க. அப்புறம் ஒரு பையன் வந்து இருபது நிமிஷம் சொல்லிக் குடுத்தான். அதுல பதினஞ்சு நிமிஷம் ப்ளூடூத். குடுத்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ், தலைக்கு வச்சுத் தூங்கலாம், அத்தனை தடி. அவ்வளவுதான் டெலிவரி.

பத்தாவது நாள் அம்மா போன். "மாமா வண்டிச் சாவியைக் கருப்பசாமி படத்துக்குக் கீழ மாட்டிட்டாருடா. இனி தொட மாட்டேங்குறாரு. நீதான் எஞ்சினியராச்சே, ஒரு எட்டு வந்துட்டுப் போ."

நடந்தது இதுதான். வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தியிருக்கார். எஞ்சின் சத்தம் இல்லை. வண்டி ஆஃப் ஆயிருச்சுன்னு நினைச்சு கேட்டைத் திறக்க இறங்கிட்டார். கதவைத் திறந்ததும் உள்ள பீப் பீப்னு கத்தியிருக்கு. 'இது எதுக்கெடுத்தாலும் கத்தும்'னு விட்டுட்டார். வண்டியோ 'டி'யில நிக்குது. பிரேக்ல இருந்து காலை எடுத்தா ஆட்டோமேட்டிக் வண்டி தானா மெதுவா நகரும். எஞ்சின் ஓடலைன்னாலும் மோட்டார் நகர்த்தும். அது பாட்டுக்கு நகர்ந்து போய் கேட்டுல முட்டி நின்னுருக்கு. கேட்டுக்குப் பக்கத்துல எதிர்வீட்டுப் பையன் பந்து பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கான். ரெண்டு அடி தள்ளி.

பையனுக்கு ஒண்ணும் ஆகலை. கேட்டுலயும் பம்பர்லயும் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனா மாமாவுக்கு உள்ளுக்குள்ள ஏதோ உடைஞ்சு போச்சு. விபத்தே இல்லாம ஓட்டினதுக்கு சர்ட்டிபிகேட் வாங்கி பிரேம் போட்டு வச்சிருக்கிற மனுஷன் அவர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சுப் போனேன். மாமா திண்ணையில உக்காந்திருந்தார். வழக்கமா 'வா மாப்ள'ன்னு ஊரே கேட்கக் கூப்பிடுறவர், அன்னிக்கு மெதுவா, "அந்த வண்டி உசுரோட இருக்கா செத்துப்போச்சான்டே தெரியல மாப்ள. அதேன் வேணாம்ன்டுட்டேன். உன் அத்தைக்கு வாடகைக் கார் பேசிக்கிறேன்"ன்னார். வாடகைக் கார் ஒரு நடைக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். வாரத்துக்கு ரெண்டு நடை. எத்தனை நாளைக்கு?

அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம பாஷையில சொன்னா, முப்பது வருஷமா எஞ்சின் சத்தம்தான் மாமாவுக்கு லாக் ஃபைல். கியர் எப்ப மாத்தணும், லோடு எவ்வளவு, வண்டிக்கு உடம்பு சரியில்லையா... எல்லாத்தையும் அவர் காதால படிச்சார். புது வண்டியில அந்த ஃபைலை யாரோ அழிச்சுட்டு, பதிலுக்கு கண்ணுக்கு முன்னாடி கலர் கலரா ஒரு ஸ்கிரீன் வச்சுட்டாங்க. ப்ரொடக்‌ஷன் சர்வர்ல லாக் இல்லாம நம்மளை உக்கார வச்சா நாமளும் சாவியை மாட்டிட்டுப் போயிருவோமா இல்லையா?

கொஞ்சம் டெக்னிக்கல் ஜல்லி அடிச்சுக்கிறேன், பொறுத்துக்குங்க. ஹைபிரிட்னு பேர் போட்டு வர்றதெல்லாம் ஒண்ணு இல்லை. மைல்டு ஹைபிரிட்ல மோட்டார் எஞ்சினுக்குக் கை குடுக்கும், தனியா வண்டியை இழுக்காது. ஸ்ட்ராங் ஹைபிரிட்ல மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் ஓட்டும். ப்ளக்-இன் ஹைபிரிட்டை வீட்டுல சொருகி சார்ஜ் பண்ணணும். மாமாவோடது நடுவுல உள்ளது. 1997 டிசம்பர்ல ஜப்பான்ல டொயோட்டா ப்ரியஸ் வந்தப்ப பெரிய அளவுல ஆரம்பிச்ச டெக்னிக். நம்ம நாட்டுல 2008ல ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 2010ல ப்ரியஸ்னு வந்து பார்த்துச்சு, விலையைக் கேட்டே ஜனங்க ஓடிட்டாங்க. 2022ல ஹோண்டா சிட்டி, கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ்னு வரிசையா வந்த பிறகுதான் நம்ம தெருவுக்குள்ள ஹைபிரிட் நுழைஞ்சது.

உள்ள இருக்கிற பேட்டரி ரொம்பச் சின்னது. முக்கால் யூனிட் கரண்ட்தான் பிடிக்கும். வீட்டு ஏசி அரை மணி நேரம் ஓடுற அளவு. ப்ளக் கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் சரிவுல இறங்கும்போதும் மோட்டாரே ஜெனரேட்டரா மாறி அதை நிரப்பும். பத்தலைன்னா எஞ்சின் நிரப்பும். கிளட்ச் இல்லை, நாம நினைக்கிற மாதிரி ஒண்ணு ரெண்டு மூணுன்னு கியரும் இல்லை.

இதை மாமாகிட்ட எப்படிச் சொல்றது? காலையில வண்டியைத் திறந்து வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷம் கேட்டவர், கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் கிடக்கட்டும் மாப்ள. எந்த நேரத்துல யாரு இழுக்குறா? அதை மட்டும் சொல்லு."

சொன்னேன். கிளம்பும்போது மோட்டார். வேகம் எடுத்தா எஞ்சின். ஏத்தத்துல ரெண்டும். இறக்கத்துல எஞ்சின் சும்மா இருக்கும், மோட்டார் கரண்டைச் சேர்த்து வைக்கும்.

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிஞ்சுட்டு, "ரெட்டை மாட்டு வண்டின்டு சொல்லு. ஒரு பெரிய மாடு, ஒரு சின்ன மாடு. இறக்கத்துல சின்ன மாடு மேயுது"ன்னார்.

நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சவன் வாயில இப்படி ஒரு வரி வருமாங்க? அதுக்கப்புறம் மூணு நாளும் எங்களுக்குள்ள மோட்டார், எஞ்சின், பேட்டரிங்கிற வார்த்தையே வரலை. எல்லாம் மாடுதான்.

முதல் வேலை, உசுரோட இருக்கான்னு கண்டுபிடிக்கிறது. மீட்டர்ல பச்சையா 'ரெடி'ன்னு ஒரு எழுத்து எரியும். அது எரியுற வரைக்கும் வண்டி உசுரோட இருக்கு. சத்தம் வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி. பெரிய மாடு தூங்குது, அவ்வளவுதான், எப்ப வேணா எந்திரிக்கும். சாவியைப் பையில போட்டுக்கிட்டு இறங்கிட்டாலும் வண்டி தானா ஆஃப் ஆகாது, கத்தத்தான் செய்யும். மூடின ஷெட்டுக்குள்ள இப்படி விட்டுட்டுப் போனா எஞ்சின் தானா எந்திரிச்சுப் புகை கக்கும், அது ஆளையே கொல்லும். இதைச் சொன்னதும் மாமா முகம் மாறிடுச்சு. விளையாட்டு இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவருக்குன்னு ஒரு வரிசை இருந்திருக்கு. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், எஞ்சின் ஆஃப், கண்ணாடி ஒரு பார்வை, அப்புறம் கதவு. கண்ணை மூடிக்கிட்டு செய்வாராம். அதே மாதிரி புதுசா ஒண்ணு போட்டோம். கால் பிரேக்ல. லிவர் 'பி'யில. ஹேண்ட் பிரேக். பொத்தான். பச்சை எழுத்து போச்சா? போச்சு. அப்புறம்தான் கதவு. ஒரு அட்டையில தமிழ்ல பெருசா எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டினேன். அன்னிக்கு சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுல முப்பது தடவை ஏறி இறங்கினார். வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே. வேடிக்கை பார்த்த பொடிசுகளும் கூடச் சேர்ந்து 'பச்சை எழுத்து போச்சா?'ன்னு கோரஸ் பாடுச்சுங்க :-)

ரெண்டாவது, இடது கால். முப்பது வருஷமா கிளட்ச் மிதிச்ச கால் சும்மா இருக்குமா? ஏத்தத்துல எஞ்சின் கத்தினதும் தானா தேடிக்கிட்டு வந்து பிரேக்கை மிதிக்குது. பின்னாடி லாரி வந்தா கதை முடிஞ்சது. ஏன் கத்துதுன்னு முதல்ல புரியணும். நம்ம பழைய வண்டியில எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறும். இதுல அப்படி இல்லை. எவ்வளவு பலம் வேணுமோ அதுக்குத் தகுந்த சுத்துல எஞ்சினைக் கம்ப்யூட்டர் வச்சிருக்கும். வண்டி அம்பதுல போனாலும் எஞ்சின் மூச்சைப் பிடிச்சுக் கத்தலாம். "கியர் மாத்தச் சொல்லிக் கத்தலை மாமா. பெரிய மாடு ஏத்தத்துல மூச்சு வாங்குது." தலையாட்டினார். இடது காலை மடக்கி சீட்டுப் பக்கமா இழுத்து வச்சு ரெண்டு நாள் ஓட்டினார். மூணாவது நாள் கால் அடங்கிடுச்சு.

மூணாவதுதான் பெரிய சண்டை. ஞாயித்துக்கிழமை ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் போனோம். இறக்கம் வந்ததும் மாமா கை தானா லிவரை 'என்'ல தள்ளிருச்சு. நியூட்ரல்ல உருட்டுறது. செய்யக்கூடாதுன்னு டிப்போவுல சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்களாம், செய்யாத ஆளுங்க கம்மியாம். "அட, எண்ணெய் மிச்சம் மாப்ள!"

"மாமா, நியூட்ரல்ல போட்டா சின்ன மாட்டை அவுத்து விட்ட மாதிரி. மேயாது. ஒரு பொட்டு கரண்ட் ஏறாது. 'டி'யிலயே விட்டுக் காலை எடுங்க. நீளமான இறக்கம்னா 'பி'க்குப் பதிலா இந்த இன்னொரு 'பி' இருக்கே..." இங்கிலீஷ்காரன் புண்ணியத்துல தமிழ்ல ரெண்டும் ஒரே எழுத்து. ஒண்ணு பார்க்கிங், இன்னொண்ணு இறக்கத்துல இழுத்துப் பிடிக்கிறது. மாமா அதுக்குப் 'பார்க் பி, பள்ள பி'ன்னு பேர் வச்சார். பிரச்சினை தீர்ந்தது.

'டி'யில விட்டுக் காலை எடுத்ததும் மீட்டர் முள் சார்ஜ் பக்கமா சாய்ஞ்சது. மெதுவா பிரேக்கைத் தொட்டா இன்னும் சாயுது. அழுத்திப் பிடிச்சா? அப்ப சாதா பிரேக்கும் சேர்ந்துக்கும், வரவேண்டிய கரண்ட்ல பாதி சூடாப் போயிரும். மாமா அந்த முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் கேட்டார், "இதுல கே.எம்.பி.எல் காட்டுமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ரெண்டு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்னு இப்பத் தோணுது. பஸ் டிரைவர்களுக்கு கே.எம்.பி.எல்னா நம்ம பரீட்சை மார்க் மாதிரி. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்னு ஒவ்வொருத்தருக்கும் கணக்கு இருக்கும். மாமாவோட டிப்போவுல பேர் போட்டு போர்டுலயே எழுதுவாங்களாம். "அந்த ஓட்டைப் பஸ்லயே நான் அஞ்சரை எடுத்திருக்கேன், தெரியும்ல?" எப்படி எடுத்தார்? ரெண்டு பர்லாங்கு தள்ளி நிக்கிற மாட்டைப் பார்த்து இங்கயே காலை எடுத்துருவார். பிரேக்கைத் தடவித்தான் பிடிப்பார். ஒரே அழுத்தா மிதிக்க மாட்டார். ஹைபிரிட் வண்டியை எப்படி ஓட்டணும்னு நெட்ல தேடினா வர்ற அறிவுரை அத்தனையும் இதேதான்! மாமா புதுசா கத்துக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். வண்டிதான் அவர் ஓட்டுற விதத்துக்குச் சரியா வந்து நின்னுருக்கு.

ஸ்கிரீன்ல எல்லாத்தையும் மறைச்சு மைலேஜ் மட்டும் தெரியுற மாதிரி வச்சுக் குடுத்தேன். வாங்கின முதல் வாரம் பதினேழு காட்டியிருந்தது. திரும்பி வரும்போது இருபத்தி ஒண்ணு. மாமா மீசையில லேசா ஒரு சிரிப்பு.

திங்கட்கிழமை லீவ் போட்டேன். டயாலிசிஸ் நாள். மாமாதான் ஓட்டினார். நான் முன் சீட்டுல, அத்தை பின்னாடி. செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை தாண்டி காளவாசல் நெரிசல்ல மாட்டினோம். எஞ்சின் அடங்கிடுச்சு, ஏசி மட்டும் ஓடுது. இந்த வண்டியில ஏசி கரண்ட்லயே ஓடும். "பஸ்ஸா இருந்தா இந்நேரம் கால் லிட்டர் டீசல் நின்ன இடத்துலயே கரைஞ்சுருக்கும்"னு மாமா முனகினார். ஊருக்குள்ள நின்னு நின்னு போற ரோட்டுலதான் ஹைபிரிட்டுக்கு மைலேஜ் நல்லா வரும்னு நான் சொன்னதை அதுவரைக்கும் அவர் நம்பவே இல்லை. எந்த டிரைவர் நம்புவார்?

திரும்பும்போது அத்தை வழக்கம் போல சோர்ந்து போய் ஏறினாங்க. மடியில பாலிதீன் கவர் தயாரா. மாமா மெதுவா, ரொம்ப மெதுவா எடுத்தார். காளவாசல்ல திரும்பவும் நின்னோம். குலுக்கல் இல்லை, நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை. மாமா கண்ணாடியில பார்த்தார். அத்தை தூங்கிட்டாங்க. கவர் மடியில அப்படியே இருந்தது.

உசிலம்பட்டி வர்ற வரைக்கும் மாமா ஒரு வார்த்தை பேசலை. ஹாரன் கூட அடிக்கலைங்க, மதுரை ரோட்டுல! வீட்டு வாசல்ல நிறுத்தி, வரிசையை வாய்க்குள்ளயே சொல்லி முடிச்சு, பச்சை எழுத்து போனதைப் பார்த்துட்டு, என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "சத்தமில்லாததும் நல்லாத்தேன் இருக்கு மாப்ள."

இப்ப ஒரு வருஷம் ஆகப்போகுது. மாமா ஸ்கிரீன்ல வர்ற மைலேஜை நம்புறதில்லை. டேங்க் நிரப்பி, ஓடின கிலோமீட்டரைக் குறிச்சு, அடுத்த தடவை நிரப்பும்போது வகுத்துப் பார்க்கிறார். ஸ்கிரீன் எப்பவும் ஒண்ணு கூடத்தான் சொல்லுதாம். அதுக்கு ஒரு நோட்டு, கோடு போட்டு, தேதி, கிலோமீட்டர், லிட்டர், கே.எம்.பி.எல், கடைசியில 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம். போன வாரம் போனப்ப புரட்டிப் பார்த்தேன். மழை. காளவாசல் ஜாம். டயர்ல காத்து கம்மி. தூங்கிட்டா. தூங்கிட்டா. திருவிழாக் கூட்டம். தூங்கிட்டா. கே.எம்.பி.எல் இருபத்தி நாலைத் தொட்டிருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பெரியவர், ஒரு புது வண்டின்னு இருந்தா, நான் பார்த்த வரைக்கும் நாலு விஷயம்:

1. பட்டன் பத்தி ஆரம்பிக்காதீங்க. அவருக்கு எதைப் பார்த்தா பயம்னு முதல்ல கேளுங்க.

2. இறங்குற வரிசையைத் தமிழ்ல எழுதி ஒட்டுங்க. வாய்விட்டுச் சொல்ல வைங்க. இது ஒண்ணுல மட்டும் தாட்சண்யம் பார்க்காதீங்க.

3. உங்க உதாரணத்தைத் திணிக்காதீங்க. அவரே ஒரு மாட்டைக் கொண்டு வருவார், அதையே பிடிச்சுக்குங்க.

4. ஆரஞ்சு கலர்ல தடியா வர்ற ஒயர்ல உள்ளூர் மெக்கானிக் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லி வைங்க. அது ஆளைத் தூக்கி எறியற வோல்டேஜ்.

பி.கு: பெரிய பேட்டரி தவிர சாதா பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணும் உள்ள உண்டு. அது செத்தா வண்டி 'ரெடி'க்கே வராது. மாசக்கணக்குல வண்டியை நிறுத்திப் போடாதீங்க. மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் ரெண்டு மாடும் வேலைக்குப் போயிருது.